பிஸ்கட் டின்னுக்குள் ஒரு காது

போன திங்கட்கிழமை காலை தங்கச்சி கடையைத் திறந்தபோது பெட்டியில் ஏழு குரல் பதிவுகள் இருந்தன. நாலு 'தங்கச்சி' என்ற போல்டரில், இரண்டு 'நங்கி' (சிங்களத்தில் தங்கச்சி) என்ற போல்டரில், ஒன்று 'ரெண்டு பேரும்' என்ற போல்டரில். ஏழையும் உட்கார்ந்து கேட்டோம். ஒன்றுகூட இடம் மாறி விழவில்லை. பேசுவது தமிழா சிங்களமா என்று கேட்டுத் தானே பதிவுகளைப் பிரிக்கும் பெட்டி, நாலு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த வேலை இது. எங்கெல்லாம் சறுக்கினேன் என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

தங்கச்சியின் கடை இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பெரிய ரோட்டிலிருந்து படியேறிப் போகும் இடத்தில் இருக்கிறது. போட்டோகொப்பி, அடையாள அட்டைக்குப் படம், பிறப்புச் சான்றிதழ் எடுக்க மனு எழுதுவது, இதுதான் வேலை. நோர்வூட், பொகவந்தலாவை பக்கத்திலிருந்து வருகிற தோட்டத் தொழிலாளர்கள் தேயிலைக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்து சேரும்போது ஐந்தரை, ஆறு மணியாகிவிடும். கடை பூட்டியிருக்கும். நேரத்தோடு வரவேண்டுமானால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். அப்படி வந்து கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன ஓர் அக்கா மறுநாள் வந்து தங்கச்சியைத் திட்டிய திட்டில்தான் இந்தப் பெட்டி பிறந்தது. கடைக்கு வெளியே ஒரு பழைய டெலிபோன் ரிசீவரைத் தொங்கவிடுவோம், எடுத்துப் பேசிவிட்டுப் போகட்டும், காலையில் கேட்டு வேலையை முடித்து வைப்போம் என்று யோசனை.

கடையில் இரண்டு பேர். தங்கச்சிக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. உதவிக்கு இருக்கும் சிங்களப் பிள்ளைக்குத் தமிழ் மெதுவாகப் பேசினால் புரியும், தோட்டத்து வேகத்துக்குப் புரியாது. ஆகவே பதிவுகள் காலையிலேயே பிரிந்து கிடந்தால் ஆளுக்குப் பாதியாக எடுத்துக் கேட்கலாம். 'இரண்டு பொத்தான் வைத்தால் முடிந்ததே' என்று நீங்கள் நினைப்பீர்கள். வைத்தேன். இரண்டு வாரம் பார்த்தேன். பாதிப் பேர் எதையும் அழுத்தவில்லை, ஷாக் அடிக்குமோ என்று பயம். சிலர் இரண்டையும் அழுத்தினார்கள். ஸ்கூல் விட்டு வரும் பையன்கள் பாட்டுப் போடுவதுபோல மாறி மாறி அழுத்தினார்கள். ரிசீவரை எடுத்துப் பேசுவது மட்டும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. சரி, பேச்சைக் கேட்டே மெஷின் பிரிக்கட்டும் என்று முடிவெடுத்தேன்.

முதலில் சாமான். நான் போன், ரேடியோ பழுது பார்ப்பவன் என்பதால் பாதி கையிலேயே இருந்தது. ரிசீவர் ஒரு பழைய மேசை டெலிபோனில் கழற்றியது. அதிலிருந்த மைக் செத்திருந்தது. அதைத் தூக்கிவிட்டு 9 மில்லிமீட்டர் எலக்ட்ரெட் மைக் ஒன்றைச் சூடாக்கிய பசையால் ஒட்டினேன். ஒன்று 80 ரூபாய், இரண்டாக வாங்கினேன், நல்லவேளை. ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோக யூஎஸ்பி சவுண்ட் கார்டு, 850. மூளையாக ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவு கணினி, நாலு ஜிபி, பழையது, 18,000. மெமரி கார்டு 2,300. சார்ஜர் 2,600. ரிசீவரை எடுத்ததும் பதிவு தொடங்க ஒரு காந்த சுவிட்ச், கொஞ்சம் வயர், எல்லாம் 400. எல்லாவற்றையும் சேர்த்தால் 24,310 ரூபாய். பெட்டி, தீபாவளிக்கு வந்த பிஸ்கட் டின். மூடியில் இன்னும் ரோஜாப்பூ இருக்கிறது.

காந்த சுவிட்ச் என்னை ஒரு நாள் அலைக்கழித்தது. ரிசீவரை எடுத்தால் ஒரே எடுப்புக்கு நாலைந்து துண்டுப் பதிவு உருவானது. சுவிட்ச் ஒட்டும்போதும் விடும்போதும் துடிக்கிறது. 50 மில்லி நொடி பொறுத்துவிட்டு மறுபடி பார் என்று இரண்டு வரி எழுதியதும் அடங்கியது. அடுத்தது இரைச்சல். ரிசீவரின் சுருள் வயருக்குக் கவசம் கிடையாது, பக்கத்தில் ஓடும் கரண்ட் வயரின் 50 ஹெர்ட்ஸ் முனகல் அப்படியே ஏறியது. மைக்குக்குப் போகும் இரண்டு இழையை மட்டும் கவசம் போட்ட வயருக்கு மாற்றி, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிட்டேன்.

இனி மெஷினுக்குக் காது. முதலில் விஸ்பர் என்ற பேச்சு மாடலை, அதாவது நிறையப் பேச்சைக் கொடுத்துப் பழக்கிய நிரலைப் போட்டேன். 2022இல் வந்தது, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தலாம். பேச்சை எழுத்தாக்குவதற்கு முன்னால் என்ன மொழி என்று ஓர் ஊகம் சொல்லும். அந்த ஊகம் மட்டும்தான் எனக்கு வேண்டும். ஆனால் அது எதையும் 30 நொடித் துண்டாகத்தான் பார்க்கும். 'அக்கா, படம் ரெடியா' என்று நாலு நொடி பேசினால் மீதி 26 நொடியை வெறுமையால் நிரப்பிக்கொள்ளும். என் பதிவுகளில் பெரும்பாலானவை பத்து நொடிக்குள் முடிகிறவை. எழுதித் தரும் வேலையும் எனக்குத் தேவையில்லை. ஆகவே விட்டேன்.

அடுத்து எடுத்தது மொழியைக் கண்டுபிடிப்பதற்கென்றே பழக்கிய மாடல். வாக்ஸ்லிங்குவா107 என்று ஒரு தொகுப்பு, எஸ்தோனியாவில் தாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்தது. யூடியூப்பிலிருந்து எடுத்த 107 மொழிப் பேச்சு, மொத்தம் 6,628 மணிநேரம். தமிழும் சிங்களமும் அதில் உண்டு. அதைக் கொண்டு பழக்கிய மாடல் ஸ்பீச்பிரெயின் என்ற கருவிப்பெட்டியில் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டு மடிக்கணினியில் போட்டு, அடுப்படியில் இருந்த அத்தையைப் பேசச் சொன்னேன். 'என்னத்தப் பேசுறது, சோறு வடிக்கணும்' என்றார். மலையாளம் என்றது மெஷின். இரண்டாம் முறை தமிழ் என்றது. அத்தைக்கு ஒரே பெருமை, 'எனக்கு ரெண்டு பாஷை தெரியும்'.

தவறு என்னுடையதுதான். 107 கதவையும் திறந்து வைத்துவிட்டு, அவசரத்தில் பேசிய மூன்று நொடியை எந்தக் கதவுக்குள் போகும் என்று பார்த்தால் பக்கத்துக் கதவுக்குள்தான் போகும். எங்கள் படிக்கட்டில் மலையாளத்துக்கும் ஐஸ்லாந்திக்குக்கும் என்ன வேலை? தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றின் மதிப்பெண்ணைத் தூக்கி எறிந்தேன். உடனே நிலைமை நன்றாகிவிட்டதுபோல் இருந்தது. அன்று இரவு மழை. கடை வாசலில் தகரக் கூரை. காலையில் பார்த்தால் யாருமே பேசாத இருபது நொடி தகரச் சத்தம் ஒன்று, 'இங்கிலீஷ், 91 சதவீதம்' என்று பதிவாகியிருந்தது. காற்றில் ரிசீவர் ஆடியிருக்க வேண்டும். மூன்று கதவு மட்டும் இருந்தால் மழையும் அந்த மூன்றில் ஒன்றுக்குள் நுழைந்தே ஆக வேண்டும், வேறு வழி விடவில்லையே நான்.

அதற்கு மூன்று வேலை செய்தேன். ரிசீவரைத் தகரத்துக்கு அடியிலிருந்து எடுத்து மாடிப்படிக்குக் கீழே, சீமெந்துக் கூரையுள்ள மூலைக்கு மாற்றினேன். எது பேச்சு, எது வெறும் சத்தம் என்று முதலில் சலிக்கும் சைலெரோ என்ற சின்ன நிரலைச் சேர்த்தேன். சலித்த பிறகு மூன்று நொடிப் பேச்சுகூட மிஞ்சாவிட்டால், அல்லது மதிப்பெண் 80ஐத் தாண்டாவிட்டால், 'தெரியாது' என்று சொல்லும் உரிமையை மெஷினுக்குக் கொடுத்தேன். இந்த மூன்றாவதுதான் மற்ற இரண்டையும்விடப் பலன் தந்தது.

இதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய சறுக்கல். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மூன்று நாள் நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

மாடல் யூடியூப் பேச்சில் பழகியது. எங்கள் ஆட்கள் பேசுவதோ ரிசீவரில், மூச்சு வாங்கிக்கொண்டு. எங்கள் குரலிலேயே கொஞ்சம் பழக்கலாம் என்று நினைத்தேன். முழு மாடலையும் பழக்குவது ராஸ்பெர்ரி பையால் ஆகாத காரியம். ஆனால் அந்த மாடல் ஒவ்வொரு பேச்சையும் 256 எண்களாகச் சுருக்கித் தரும். அந்த எண்களின் மேல் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற பழைய எளிய கணக்கைப் போட்டால் போதும், ஒரு நொடியில் பழகிவிடும். தமிழுக்கு 60 துண்டு வேண்டும் என்று எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வீடு வீடாகப் போய் எடுத்தேன். சிங்களத்துக்கு 60 துண்டு, கடைப் பிள்ளையும் அவளுடைய கூட்டாளிகளும் கடையில் உட்கார்ந்து பேசிக் கொடுத்தார்கள். முக்கால் பங்கைப் பழக்கக் கொடுத்து, கால் பங்கைச் சோதிக்க ஒதுக்கினேன். முப்பதுக்கு முப்பது சரி. நூற்றுக்கு நூறு!

திங்கட்கிழமை பெட்டியை மறுபடி கடையில் மாட்டினேன். தங்கச்சி ரிசீவரை எடுத்து, 'அண்ணே, இது வேலை செய்யுதா இல்லையா, எனக்கு வேற வேலை இருக்கு' என்றாள். சிங்களம் என்றது. கடைக்கு வந்த ஒரு பெரியவரைப் பேசச் சொன்னோம், மஸ்கெலியாக்காரர், தமிழைத் தவிர வேறெதுவும் வராது. அவரும் சிங்களம். அன்று தமிழ் பேசிய எல்லோருமே சிங்களம்.

சாயங்காலம்தான் ஒரு சந்தேகம் வந்தது. கடையில் யாரும் பேசாத நேரத்தில் ஐந்து நொடி பதிந்து, சலிக்காமல் நேரே கொடுத்தேன். 'சிங்களம், 97.' கடை மூலையில் குளிர்பானப் பெட்டி ஒன்று ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கிறது. என் சிங்களத் துண்டு அறுபதிலும் அந்த உறுமல் இருந்தது, தமிழ்த் துண்டு ஒன்றில்கூட இல்லை. மெஷின் சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டது. மொழியைக் கற்கவில்லை, பிரிட்ஜைக் கற்றிருக்கிறது. அது போதாதென்று, ஒரே ஆளின் துண்டுகள் பழக்கவும் போயிருந்தன, சோதிக்கவும் போயிருந்தன. அந்த நூற்றுக்கு நூறு, விடைத்தாளைப் பார்த்து எழுதிய பரீட்சை.

120 துண்டையும் அழித்தேன். மனம் வரவில்லைதான், ஆனாலும் அழித்தேன். இந்த முறை எல்லோரும் அதே ரிசீவரில், அதே மாடிப்படி மூலையில் நின்று பேச வேண்டும் என்று வைத்தேன். முக்கியமாக, இரண்டு மொழியும் வருகிறவர்களாகத் தேடினேன். ஒரே ஆள் தமிழிலும் பேசி, சிங்களத்திலும் பேசினால் குரலையும் இடத்தையும் வைத்து மெஷின் குறுக்குவழி பிடிக்க முடியாது. ஹட்டனில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமா? ஆட்டோக்காரர்கள், மரக்கறிக் கடைக்காரர், பஸ் கொண்டக்டர் ஒருவர், பார்மசியில் நிற்கும் அக்கா என்று 14 பேர். ஆளுக்கு ஆறு துண்டு, மொழிக்கு மூன்று. சோதிக்கும்போது ஓர் ஆளை முழுதாக ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற 13 பேரில் பழக்கி, ஒதுக்கியவரைக் கேட்டேன். இப்படிப் பதினாலு சுற்று. 84இல் 73 சரி. நூறு போய் 87 ஆனது, ஆனால் இந்த 87ஐ நம்பலாம்.

தவறிய பதினொன்றை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அங்கேதான் நம் ஊர்ப் பேச்சு எப்படி இருக்கிறது என்பது எனக்கே உறைத்தது. டவுனுக்கு வந்தால் நம் ஆட்கள் முதல் வாக்கியத்தைச் சிங்களத்தில்தான் தொடங்குகிறார்கள். கொண்டக்டரின் ஒரு துண்டை எழுதிக் காட்டுகிறேன். அவர் தமிழர், தமிழில் பேசுங்கள் என்று சொல்லித்தான் ரிசீவரைக் கொடுத்தேன்: 'ஹலோ நங்கி, போட்டோ எக ஹரித... இல்ல, நான் நேத்து வந்தேனே, ஐடென்டி கார்ட் போம் குடுத்துட்டுப் போனேன், பேர் வந்து...' முதல் மூன்று நொடி சிங்களம், போட்டோ சரியா என்று கேட்கிறார். அடுத்த இரண்டு நொடியில் பாதிச் சொல் இங்கிலீஷ். ஆனால் அவருக்குத் தமிழில்தான் பதில் சொல்ல வேண்டும். என்ன மொழியில் பேசினார் என்பதும், எந்த மொழியில் பதில் வேண்டும் என்பதும் இரண்டு கேள்வி. நான் அதுவரை முதல் கேள்வியையே துரத்திக்கொண்டிருந்தேன்.

அதனால் பேச்சை மூன்று மூன்று நொடியாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனி மதிப்பெண் வாங்கி, பின்பாதித் துண்டுகளுக்கு இரட்டை மதிப்புக் கொடுத்தேன். வணக்கமும் மரியாதையும் முன்பாதியில் போய்விடுகிறது, பேரும் ஊரும் வேலையும் பின்பாதியில் வருகிறது. 73 என்பது 79 ஆனது.

இன்னொரு வேடிக்கை. ரிசீவரை எடுத்ததும் ஒரு குரல் வரவேற்கட்டும் என்று, தங்கச்சி குரலில் தமிழிலும் அந்தப் பிள்ளை குரலில் சிங்களத்திலும் பதிந்து வைத்திருந்தேன். கடைசியாகக் காதில் விழுவது சிங்களம். தமிழ் ஆட்கள் பலர் அதற்கு ஏற்றபடி சிங்களத்திலேயே தட்டுத் தடுமாறிப் பதில் சொன்னார்கள். கேட்டவளுக்கு மரியாதை செய்கிறார்களாம்! குரலை எடுத்துவிட்டு ஒரு 'பீப்' மட்டும் வைத்தேன். பக்கத்தில் இரண்டு மொழியிலும் ஓர் அட்டை: 'பேர், ஊர், போன் நம்பர், என்ன வேலை. உங்க பாஷையிலேயே சொல்லுங்க.' நிரலில் ஒரு வாரம் உழைத்ததைவிட இந்த அட்டை அதிகம் உதவியது.

வேகத்துக்காகவும் ஒரு வாரத்தைக் கெடுத்தேன். ஒரு பதிவைப் பிரிக்க ராஸ்பெர்ரி பைக்குப் பல நொடி ஆகிறது என்று மாடலைச் சுருக்கப் பார்த்து, நூலகங்களை மாற்றி, ஒருமுறை மெமரி கார்டையே குப்புறத் தள்ளினேன். பிறகு தங்கச்சி கேட்டாள், 'ராத்திரி வர்றத நான் காலையில எட்டரைக்குத்தானே கேக்கப் போறேன்?' அத்தோடு அந்த வேலையை மூட்டை கட்டினேன்.

அப்பா விஷயத்தையும் எழுத வேண்டும். ஆரம்பத்தில் டின்னின் மூடியில் இரண்டு சின்ன பல்பு வைத்திருந்தேன். பேசி முடித்ததும் தமிழ் என்றால் பச்சை, சிங்களம் என்றால் மஞ்சள். பார்க்க அழகாக இருக்கும் என்றுதான். அப்பா ஒரு நாள் வந்து நின்று பார்த்தார். 'பேசுறவன் எந்த ஆளுன்னு லைட்டு போட்டுக் காட்டுதா?' என்றார். தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த 1983 ஜூலையில் அவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த பையன். அப்போது வழியில் ஆட்களை மறித்து, வாளிக்குச் சிங்களத்தில் சொல்லும் 'பால்திய' என்ற சொல்லைச் சொல்ல வைத்து, நாக்கு புரளும் விதத்தைக் கொண்டு தமிழனா என்று பிரித்தார்கள். அப்பா வேறெதுவும் சொல்லவில்லை, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றே பல்பைக் கழற்றினேன். மூடியில் இன்னும் இரண்டு துளை இருக்கிறது. போல்டர்களின் பெயரையும் மாற்றினேன். முன்பு 'தமிழ்', 'சிங்களம்' என்று இருந்தது, இப்போது யார் பதில் சொல்லப் போகிறார்களோ அவர்கள் பெயரில்: 'தங்கச்சி', 'நங்கி'. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். மெஷினுக்குத் தெரியாதவை 'ரெண்டு பேரும்'. வேலை முடிந்த பதிவு இரண்டு நாளில் தானாக அழியும். பெட்டிக்கு இன்டர்நெட் இணைப்பும் கொடுக்கவில்லை.

இங்கிலீஷைக் கடைசியில் எடுத்தேவிட்டேன். முதல் மாதத்தில் வந்தது இரண்டே பதிவு, இரண்டும் ஒரே டீச்சர், அவருக்கு மூன்று மொழியும் தண்ணீர்பட்ட பாடு. அப்படி வந்தால் 'ரெண்டு பேரும்' போல்டருக்குப் போகட்டும்.

மாட்டிய முதல் மாதம் வந்தவை 83. சரியான இடத்தில் விழுந்தவை 70, தெரியாது என்றவை 9, தவறியவை 4. தவறிய நாலில் மூன்று, சிவனொளிபாதமலை சீசனுக்கு வந்த யாத்திரைக்காரர்கள் கூட்டமாக நின்று, ஒருவர் பேச மற்றவர்கள் பின்னால் சத்தம் போட்டது. மார்கழியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கும் கூட்டத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

மறுபடி செய்வதானால் முதல் வேலையாக மைக்கைப் பனியிலிருந்து காப்பேன். இரண்டாவது மாதத்தில் எல்லாக் குரலும் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கி, மதிப்பெண் எல்லாம் 60, 65 என்று விழுந்தது. மாடலில் கோளாறு என்று இரண்டு நாள் தேடினேன். கடைசியில் ரிசீவரைத் திறந்தால் மைக்கின் முகத்தில் முத்து முத்தாக ஈரம். இரண்டாவது மைக்குக்கு அப்போதுதான் வேலை வந்தது. இப்போது முன்னால் மெல்லிய ஸ்பொஞ்சு, உள்ளே சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. மாதம் ஒருமுறை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து உலர்த்தினால் போதும். பை 4க்குப் பதில் அதைவிட மலிவான பலகை எதையாவது பார்ப்பேன், அவசரமில்லாத வேலைக்கு 18,000 அதிகம். குரல் கேட்கப் போகும்போது முதல் நாளிலிருந்தே அதே ரிசீவரைக் கையில் கொண்டு போவேன்.

அந்த ஏழாவது பதிவு என்னவென்றால், ஓர் அம்மா தமிழில் தொடங்கி, மகனுடைய பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை என்று சொல்லிக்கொண்டே வந்து, பத்திரத்தின் பெயர் ஞாபகம் வராமல் பக்கத்தில் நின்ற சிங்கள அக்காவிடம் ரிசீவரைக் கொடுக்கிறார். அவர் சிங்களத்தில் மீதியைச் சொல்லி முடிக்கிறார். அதை இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்டார்கள். எல்லாம் புரிந்தது. சொன்ன போன் நம்பரில் ஓர் இலக்கம் மட்டும் குறைகிறது. மனுவை எழுதி வைத்துவிட்டு, அந்த அம்மா திரும்ப வருவதற்காகக் காத்திருக்கிறோம்.